ஆள் வீட்டில் இருக்கும் நேரம்

கதவைத் திறந்து, காற்றில் அது சாத்திக்கொள்ளாமலிருக்கப் பழைய ஷூ ஒன்றை அடியில் சொருகிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்காரும்போதே சுகிர்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வந்துவிட்டது என்று சொல்வதுகூடச் சரியில்லை. ராத்திரி அவளோடு படுத்து, அவளுக்கு முன்னால் எழுந்து, முகம் கழுவிக்கொண்டு அது தயாராக உட்கார்ந்திருந்தது. அவள்தான் பிந்தி வந்து சேர்ந்துகொண்டாள். ஐந்தரை மணி. இனி ஆறரை வரைக்கும் இந்த நாற்காலிதான். நாட்டுக்காக ஷட்டில் ஆடுகிறவர்கள் பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்து இதுதான் சட்டம். தினமும் ஒரு மணி நேரம் எந்த ஊரில், எந்த வீட்டில் இருப்பாய் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊக்கமருந்து சோதனைக்காரர்கள் அந்த நேரத்தில் வந்தாலும் வருவார்கள், மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காமலும் இருப்பார்கள். போன் பண்ணிவிட்டு வர மாட்டார்கள்; சொல்லிவிட்டு வந்தால் அது சோதனை இல்லையாம், விருந்தாம். வந்து, ஆள் இல்லையென்றால் அது ஒரு தவறு. ஒரு வருஷத்துக்குள் மூன்று தவறு சேர்ந்தால் ரெண்டு வருஷத்துக்கு மட்டையைத் தொட முடியாது. சுகிர்தாவுக்கு ரெண்டு சேர்ந்துவிட்டது. இந்த மாதத்தைத் தாண்டிவிட்டால் முதலாவது காலாவதியாகிவிடும், மூச்சு விடலாம். தாண்டாவிட்டால், இருபத்தொன்பது வயதில், ஏற்கெனவே ஒரு முழங்கால் மாடிப்படி ஏறும்போதெல்லாம் கூடவே பேசிக்கொண்டு வருகிற ஒருத்திக்கு, ரெண்டு வருஷம் என்பது ரெண்டு வருஷம் இல்லை, மொத்தமும்தான். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, காலிங் பெல் போன மழையில் நனைந்ததிலிருந்து தனக்கு இஷ்டப்பட்டால் அடிக்கும். அதனால்தான் திறந்த கதவு, அதனால்தான் நாற்காலி. இதற்கெல்லாம் மேல் வெளியில் சொல்ல முடியாத கஷ்டம் ஒன்றும் உண்டு: எழுந்ததிலிருந்து அவள் பாத்ரூம் போகவில்லை. ஒருமுறை போய்விட்டு வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் சோதனைக்காரர்கள் வந்து நின்றார்கள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் மத்தியானம் வரைக்கும் சோதனைக்குக் கொடுக்க ஒரு சொட்டு சிறுநீர் வரவில்லை. கூட வந்த பெண், அவளைக் கண்ணை விட்டு அகலவிடக் கூடாதென்று, அடுக்களைக்குப் போனால் அடுக்களைக்கு, பால்கனிக்குப் போனால் பால்கனிக்கு, கல்யாணப் பெண்ணுக்குத் தோழி மாதிரி பின்னாலேயே நடந்தாள். அன்றிலிருந்து அடக்கிக்கொண்டுதான் உட்காருவது. அடிவயிறு கல்லாக இருந்தது. கோபம் கொஞ்சம் அதிலும் சேர்ந்திருக்கலாம்.

பின்னால் அடுக்களையில் டபராவைக் கீழே வைக்கிற சத்தம். வேண்டுமென்றே மெதுவாக வைக்கிறார். மெதுவாக வைக்கிறேன் பார் என்று சொல்கிற மெதுவு அது. அப்பா ஆவுடையப்பன், பாரிமுனையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்ந்தவர், சென்னைக்கு வந்து எத்தனையோ காலமாகியும் திருநெல்வேலிப் பேச்சை ஒரு எழுத்துக்கூட விட்டுக்கொடுக்காதவர், இப்போது காபியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்காமல், அவள் முகத்தைப் பார்க்காமல், டி.வி. ஸ்டாண்டு ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போவார். ஐந்து மாதமாக அப்படித்தான். அவளும் அது யார் வைத்ததென்றே தெரியாதவள் மாதிரி எடுத்துக் குடிப்பாள். ஐந்து மாதமாக இந்த வீட்டில் அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அம்மா இருந்தவரைக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள். அக்காவின் பிரசவத்துக்கு அம்மா பெங்களூர் போனதும் சங்கடமாகிவிட்டது. கேஸ் தீர்ந்துவிட்டதென்று அவரிடம் சொல்ல வேண்டுமானால் சுகிர்தா அறைக்குள் போய் அம்மாவுக்கு போன் போடுவாள். அம்மா ஹாலில் உட்கார்ந்திருக்கிற அவருக்கு போன் போடுவாள். அவர், "அப்படியா, புக் பண்ணிருதேன்னு சொல்லு" என்பார், சுவருக்கு இந்தப் பக்கம் அது நன்றாகவே கேட்கும், இருந்தாலும் அம்மா திரும்பக் கூப்பிட்டுச் சொல்லும்வரைக்கும் அவள் காத்திருப்பாள். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சாடி? கையில பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு நிக்கிறேன், எட்டடி தூரத்துல இருக்கிற மனுஷனுக்குப் பெங்களூர்லேர்ந்து சேதி சொல்லணுமாக்கும்" என்று அம்மா கத்துவாள். கத்தட்டும். அவளாவது கத்துகிறாளே.

படியில் காலடிச் சத்தம். பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தாள். இறங்குகிற கால், ஏறுகிற கால் இல்லை. மொட்டை மாடியில் வாக்கிங் போய்விட்டு இறங்குகிற இரண்டாவது மாடி பேங்க் மாமா. யாரோ சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுவார்கள் என்று காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறபோது எல்லாச் செருப்புக்கும் பெயர் தெரிந்துபோகிறது. "என்னம்மா, இன்னைக்கும் காத்தாட உக்காந்தாச்சா? நல்ல பழக்கம்" என்றார் மாமா, கதவருகே நின்று. ஆமா அங்கிள் என்றாள். "இன்னும் ஷட்டில் ஆடிட்டுத்தான் இருக்கியா?" ஆமா அங்கிள். "எங்க பேத்திகூட ஆடுறா, சம்மர் கேம்ப்ல. நல்ல எக்ஸர்சைஸ்." ஆமா அங்கிள். இன்னும் என்ற அந்தச் சொல்லைப் பிடுங்கி மாமாவின் வாயிலேயே திருப்பித் திணிக்க வேண்டும்போல் இருந்தது. பேங்க் வேலையில் இருந்தபோது இவரிடம் யாராவது இன்னும் செக் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறீர்களா என்று கேட்டிருப்பார்களா? மாமா இறங்கிப் போனார். காபி வந்து டி.வி. ஸ்டாண்டில் உட்கார்ந்தது. அப்பாவின் வேட்டி ஓரம் மட்டும் கண்ணில் பட்டது. முதல் தவறு விழுந்த அன்றைக்கும் இதே வேட்டியைத்தான் மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். போன வருஷம் இதே மாதம், காய்ச்சலில் கிடந்து விடிகாலையில்தான் அவள் கண்ணயர்ந்திருந்தாள். ஏழு மணிக்கு எழுந்து வந்தால், பேப்பரைப் புரட்டிக்கொண்டே, பெரிய காரியம் ஒன்றை முடித்தவர் மாதிரி, "ரெண்டு பேரு வந்தாவ. ஒரு ஆம்பள, ஒரு பொம்பள. கழுத்துல அட்டையெல்லாம் மாட்டியிருந்தாவ. ஏதோ டெஸ்டுன்னாவ. ஊர்ல இல்லன்னு சொல்லி அனுப்பிச்சிட்டேன்." யாரைக் கேட்டு? "யாரைக் கேக்கணும்? நீ இப்பதான் கண்ண மூடியிருக்க. விடியக்காலம் வந்து நின்னா எழுப்பிருவாவளாக்கும்?" வாசலில் யார் வந்து நின்றாலும் ஆள் ஊரில் இல்லை என்பதுதான் அவர் வழக்கம். கேபிள்காரனுக்கு இல்லை, கோயில் நன்கொடைக்கு இல்லை, தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் விற்க வந்த பையனுக்கு, தானே எதிரில் நின்றுகொண்டு, ஆவுடையப்பன் ஊரில் இல்லை. வாசலுக்கு வருகிற எவனும் எதையாவது எடுத்துக்கொண்டு போகத்தான் வருகிறான் என்பது லாரி ஆபீஸில் கற்றுக்கொண்டதோ, பிறக்கும்போதே கொண்டுவந்ததோ. அந்தக் காய்ச்சலோடு மூன்று மாடி இறங்கி, செருப்பில்லாமல் தெருமுனை வரைக்கும் ஓடினாள். இஸ்திரி வண்டிக்காரர் கரியை ஊதிக்கொண்டிருந்தார். வேறு ஒரு ஈ காக்கை இல்லை. திரும்பி வந்து கத்திய கத்தலில் பேங்க் மாமாவின் வீட்டில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டு, உண்மையாகவே புரியாமல், "அப்ப நாளைக்கு வரச் சொன்னா வர மாட்டாவளா?" என்று கேட்டார்.

நாளைக்கு வரச் சொன்னால். அதுதான், அந்த வெள்ளந்திதான், அவளுக்குத் தாங்காது. கெட்டவராக இருந்தாலாவது வெறுத்துத் தொலைக்கலாம். ஒரு ஆட்டம் தோற்று வந்தால் அவர் கேட்கிற ஒரே கேள்வி: "காத்து சரியில்லையோ?" என்றைக்கோ, பதினாறு வயதில், ஏ.சி. காற்று ஒரு பக்கமாக அடித்து ஷட்டில்காக் எல்லாம் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது என்று அவள் சொல்லி அழுததைப் பிடித்துக்கொண்டவர்தான். அதற்குப் பிறகு எந்த ஊரில் எவளிடம் தோற்றாலும் சொந்தக்காரர்களிடம், "காத்து சரியில்ல, புள்ள என்ன செய்யும்" என்றுதான் சொல்வார். அவர் கணக்கில் சுகிர்தா இதுவரைக்கும் ஒருத்தியிடமும் தோற்றதில்லை, காற்றிடம்தான் தோற்றிருக்கிறாள். காற்றில்லாத ஹாலில் தோற்றிருக்கிறேன் அப்பா. கால் போய்ச் சேரவில்லை, தோற்றேன். கை முந்திக்கொண்டது, தோற்றேன். பயந்து தோற்றேன். போன மாதம், பெயர்கூட வாயில் நுழையாத ஒரு ஊரில், பெரிய போட்டிக்குள் நுழைவதற்கான தகுதிச் சுற்றில், சூயிங்கம் மென்றுகொண்டே ஆடிய பதினேழு வயசுப் பெண்ணிடம் மூன்றாவது கேமில் முன்னால் இருந்து தோற்றேன். அந்தப் பெண்ணின் கண்ணில் மரியாதை இருந்தது. அதுதான் சுட்டது. ஒருகாலத்தில் அவளைப் பார்த்தவர்களுடைய கண்ணில் பயம்தான் இருக்கும், மரியாதை இருக்காது. வலைக்கு முன்னால் மட்டையை ஒரு கணம் பிடித்து நிறுத்தி, எதிராளி இடுப்பை ஒரு பக்கம் ஒடித்த பிறகு ஷட்டில்காக்கை மறுபக்கம் தட்டிவிடுவாள், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற மாதிரி அவ்வளவு லேசாக. அதற்காகவே வந்து வேடிக்கை பார்ப்பார்கள். கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கைக்கு அடியில் இருக்கிற கால்தான் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. ரெட்டையர் ஆடுகிறவர்களுக்காவது திட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் உண்டு. ஒற்றையர் ஆட்டத்தில் தோற்றுவிட்டு நடக்கிறபோது பக்கத்தில் யாருமில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, மிச்சமிருக்கிற விளக்கெல்லாம் அடுத்த ஆட்டத்துக்காக எரிந்துகொண்டிருக்க, ஓட்டல் அறைக்கு வந்து, தண்ணீர் காய்ச்சுகிற கெட்டிலில் அரிசியையும் பருப்பையும் போட்டு வேகவைத்துத் தின்றுவிட்டு, கெட்டிலைக் கழுவி அதிலேயே டீயும் போட்டுக் குடித்துவிட்டுப் படுப்பது. டீயில் பருப்பு வாசம் அடிக்கும். எத்தனை வருஷமாக அந்த டீ. நடுவர்கள் பெயரை அறிவிப்பார்கள்: எனக்கு இடப்பக்கம், சூக்... சூகி... அவுடா... அத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டு நாட்டின் பெயரைச் சொல்லி முடித்துக்கொள்வார்கள். முழுப்பெயரைத் தப்பில்லாமல் சொன்னவர்கள் உலகத்திலேயே இந்தச் சோதனைக்காரர்கள்தான். சுகிர்தா ஆவுடையப்பன். தவறு ஒன்று. சுகிர்தா ஆவுடையப்பன். தவறு இரண்டு.

இரண்டாவது. அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டுதான் இருந்தாள், தொட்டுவிட்டாள். பயிற்சி முகாமுக்கு என்று ஷட்டில் சங்கத்துக்காரர்கள் ஒரு விடுதியின் முகவரியைக் கொடுத்தார்கள், அவளும் சோதனைக்காரர்களுக்கு அதையே கொடுத்திருந்தாள். போய் இறங்கினால், யாரோ பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு அறைகளெல்லாம் போய்விட்டன, பெண்களெல்லாம் ஊருக்கு வெளியே வேறு லாட்ஜில் தங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்து, உடம்பு அசந்து, முகவரியை மாற்ற வேண்டும் என்ற நினைப்பு வருவதற்குள் தூங்கிப்போனாள். சோதனைக்காரர்கள் விடிகாலையில் பழைய விடுதியில் மேளக்காரர்களுக்கு நடுவில் அவளைத் தேடியிருக்கிறார்கள். சங்கச் செயலாளரிடம் போய் நின்றபோது, பல்லைக் குத்திக்கொண்டே, "நீயேம்மா கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்திருக்கணும். பேசாம கோச்சிங் பக்கம் வந்துடேன், ஒனக்கு இருக்கிற கைக்கு..." என்றார். அந்த ஆளைக்கூட அவள் மன்னித்துவிடுவாள். சோதனைக்காரர்கள் விளக்கம் கேட்டு, அவள் எழுதிக் கொடுத்து, ஏற்க முடியாதென்று பதில் வந்த அன்றைக்கு, வீட்டில் அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அடக்க முடியாத ஒரு நிம்மதியோடு, "இதுல நான் இல்லப்பா" என்றார். அவ்வளவுதான். இதுல நான் இல்லப்பா. தேர்வில் பக்கத்துப் பையன் மாட்டிக்கொண்டபோது தப்பித்த பையன் மாதிரி. அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்ற பயத்தில் திறக்காமலிருந்தது, திறக்காததே வழக்கமாகி, வழக்கம் ரோஷமாகி, இப்போது யார் முதலில் என்பதில் வந்து நிற்கிறது. அந்த மூன்று வார்த்தையைத் தினமும் காலையில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறாள். மெல்ல மெல்லச் சாறு வந்துகொண்டே இருக்கிறது.

ஆறேகால் ஆகியிருக்கும். கீழே யாரோ மோட்டாரைப் போட்டார்கள். சுவரெல்லாம் உறுமத் தொடங்கியது. தண்ணீர் குழாயில் ஏறுகிற சத்தத்தைக் கேட்டதும் அடிவயிறு குத்திட்டு எழுந்தது. இன்னும் கால் மணி நேரம். இனியா வரப்போகிறார்கள்? வருகிறவர்கள் விடிந்ததும் வந்துவிடுவார்கள். போனை நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, காலை ஒடுக்கி ஒடுக்கி நடந்து, பாத்ரூம் கதவைத் தாழ்போட்டு உட்கார்ந்தாள். அப்பாடா என்று வந்தது. உடம்பு முழுவதும் ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி, முழங்கால்கூடப் பேச்சை நிறுத்தின மாதிரி. எழுந்து தண்ணீர் ஊற்றினாள். வெளியே போக வேண்டியதுதான். போகவில்லை. தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மோட்டார் உறுமுகிறது. பெல் அடித்தாலும் இங்கே கேட்காது. இப்போது வந்தால்? என்று ஒரு நினைப்பு எழுந்தது. அதில் பயம் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள், இல்லை. இப்போது வந்து, பார்த்துவிட்டு, போய்விட்டால்? மூன்று. முடிந்தது. அடுத்த வாரம் இன்னொரு தகுதிச் சுற்றுக்குப் போக வேண்டாம், கெட்டிலைக் கழுவ வேண்டாம், சூயிங்கம் மெல்லுகிற பெண்ணின் மரியாதையைத் தாங்க வேண்டாம். காலம் முழுக்க எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளலாம்: நான் ஓயவில்லை, என்னை நிறுத்திவிட்டார்கள். எங்கப்பா வாசலில் நின்று ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டார், அதனால்தான். கால் என்று சொல்ல வேண்டாம். வயசு என்று சொல்ல வேண்டாம். அப்பாவுக்குக் காற்று இருக்கிற மாதிரி அவளுக்கு அப்பா. கை தாழ்ப்பாளின் மேலேயே இருந்தது. இந்த நினைப்பு இன்றைக்குப் புதிதாக வந்ததல்ல என்பதும் தெரிந்தது. ஷூவை அடியில் சொருகுகிறபோதெல்லாம் இதுவும் கூடவே நின்றுகொண்டிருந்திருக்கிறது, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, ஓரமாக, கூப்பிட்டால் உட்காரலாமென்று.

அப்போதுதான் மோட்டார் நின்றது. நின்ற அமைதியில் வாசலில் ஒரு ஆணின் குரல்: "சுகிர்தா ஆவுடையப்பன் வீடு இதுதானே சார்? ஊக்கமருந்து சோதனைக்கு வந்திருக்கோம்." அப்பாவின் செருப்பில்லாத காலடி அடுக்களையிலிருந்து ஓடி வருவது கேட்டது. "ஆமா, ஆமா, வாங்க, இருக்கா, வாங்க. ஊர்லதான் இருக்கா." "கூப்பிடுங்க சார்." சுகிர்தா தாழ்ப்பாளை விடாமல் நின்றாள். கூப்பிடட்டும். சுகிர்தா என்று ஒரு தடவை, ஏட்டி என்றாவது ஒரு தடவை, அந்த வாயால் கூப்பிடட்டும், வந்துவிடுகிறேன். அப்பா தொண்டையைச் செருமினார். காலடி பாத்ரூம் பக்கம் நாலு எட்டு வந்தது. நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய மூச்சுகூடக் கேட்டது. திரும்பிப் போனது. "சார், கூப்பிடுங்க, எங்களுக்கு நேரம் முக்கியம்" என்றது ஆண்குரல். "ஒரு நிமிஷம். இந்தா, ஒரே நிமிஷம்" என்றார் அப்பா, அவருடைய போனின் பட்டன் சத்தம் கேட்டது, பிறகு அவர் குரல், தாழ்ந்து, கெஞ்சி: "ஏளா, அவுக வந்திருக்காவ. ஆமா, டெஸ்டுக்காரவதான். அவள வரச் சொல்லு. உள்ளதான் இருக்கா. நீ சொல்லு. சீக்கிரம் சொல்லு." பெங்களூரில் அம்மா என்ன சொன்னாளோ. ஒரு நொடி கழித்து நாற்காலியின் மேல் சுகிர்தாவின் போன் அடிக்கத் தொடங்கியது. அடித்தது, அடித்தது. அதுவரைக்கும் பேசாமலிருந்த பெண்குரல், "போனை வச்சுட்டு வெளிய போயிருக்காங்களா சார்? போன வருஷமும் ஊர்ல இல்லைன்னுதான் எழுதியிருக்கு" என்றது. "ஐயோ இல்லம்மா, இருக்கா, இருக்கா..." "எங்கே சார் இருக்காங்க?" அப்பா எந்தப் பக்கம் கையைக் காட்டினாரோ. பாத்ரூம் என்ற வார்த்தையை அந்நியப் பெண்ணிடம் மகளைப் பற்றிச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவர்கள் போய்விடுவார்கள் என்று தோன்றியது. ஆறரை வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, இந்த மனிதன் மறுபடியும் பொய் சொல்கிறான் என்று எழுதிக்கொண்டு, படி இறங்கிவிடுவார்கள். கேட்டது கிடைத்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது, காலை மட்டும் நகர்த்தாமல் நின்றால் போதும். அவள் வாய் அவளைக் கேட்கவில்லை. "இருக்கேன்!" என்று கத்தினாள். கதவை உடைக்கிற மாதிரி தாழைத் தள்ளிக்கொண்டு, "இருக்கேன், இருக்கேன், வீட்லதான் இருக்கேன், எங்கயும் போகல!" பாத்ரூம் சுவர்கள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல, கீழே பேங்க் மாமா யாரையோ என்னாச்சு என்று கேட்பது எட்டியது.

வாசலில் கழுத்தில் அட்டையோடு ஒரு நடுத்தர வயது ஆள், தோளில் பையோடு ஒரு பெண், நடுவில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்பா. "மேடம், இனிமே என் கண்ணுல படுற மாதிரியே இருக்கணும்" என்றாள் அந்தப் பெண், சட்டத்தை ஒப்பிக்கிற குரலில். அப்பாவின் பார்வை சுகிர்தாவின் ஈரக் காலில் விழுந்தது. ஐந்து மாதம் கழித்து அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை: "போயிட்டியா?" சுகிர்தாவுக்குக் காது சுட்டது. "என்னது?" "இல்ல... உள்ள... போயிட்டியான்னு கேட்டேன்." "போயிட்டேன்." "எதுக்குட்டி போன? இன்னும் பத்து நிமிஷம் இருக்குலா? அவுகளுக்கு இப்ப என்னத்தக் குடுப்ப?" "எனக்கு வந்துச்சு, போனேன்! அதுக்கும் உங்களக் கேட்டுட்டுத்தான் போகணுமா?" "கேக்காண்டாம், கொஞ்சம் அடக்கியிருக்கலாம்லா." "ஒரு வருஷமா அடக்கிக்கிட்டுத்தான்ப்பா உக்காந்திருக்கேன்! யாரால? யாரால உக்காந்திருக்கேன்?" சோதனைக்கார ஆள் சுவரில் தொங்கிய காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படித்தார். அந்தப் பெண் பையிலிருந்து தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து, மூடி பிரிக்காததைக் காட்டி, அவளிடம் நீட்டினாள். போனில் அம்மா இன்னும் இருந்தாள், கொசு மாதிரி அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "கதவுக்கு வெளிய வந்து நின்னீங்கல்ல? நின்னது எனக்குத் தெரியும். கூப்பிட என்ன? பேரு மறந்துபோச்சா?" "நான் கூப்பிட்டு நீ வரலன்னா?" என்றார் அப்பா. அவருடைய குரல் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. "இவுக முன்னால நீ வரலன்னா, அதுவும் என் தலையிலதான விடியும்." பிறகு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாதவர் மாதிரி சொன்னார்: "நானும் ஒரு நாளு நெனச்சேன்ட்டி. மூணாவதும் வந்து தொலைஞ்சா தொலையட்டும்னு. ரெண்டு வருஷம் வீட்ல கெடந்தா காலு தேறும். பழிய எம்மேல போட்டுட்டு நீ நிம்மதியா இருந்துக்கிடுவ. போட்டா போட்டுட்டுப் போ, நான் எத்தன நாளைக்கு..."

அது அவளுடைய நினைப்பு. தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, யாருக்கும் காட்டாமல், தனக்கே பாதி மறைத்து அவள் வைத்திருந்தது. அதைத் துணியில்லாமல் நடு ஹாலில், அந்நியர்கள் முன்னால், இந்த மனிதர் எடுத்து வைக்கிறார், அதுவும் பாசமாக. அது அவர் வாயிலிருந்து வந்ததும் எவ்வளவு சின்னதாக, எவ்வளவு கேவலமாக இருந்தது. கோபம் இதுவரைக்கும் வயிற்றில், காதில், முழங்காலில் என்று சிதறிக் கிடந்தது, ஒரே ஓட்டமாகக் கைக்கு வந்தது. இந்தக் கைக்கு. "யாரு நீங்க அத நெனைக்க?" என்று கேட்டாள். கத்தவில்லை. "என் காலு, நான் தோக்கிறேன். காத்துகிட்ட இல்ல, உங்களாலயும் இல்ல, நானே ஆடி நானே தோக்கிறேன். பதினேழு வயசுப் பொண்ணுங்ககிட்ட வரிசையாத் தோக்கிறேன். போதும்னா நான் சொல்வேன் போதும்னு. நீங்க சொல்லக் கூடாது, இவங்க சொல்லக் கூடாது, அந்தப் பல்லுக்குத்தற செயலாளர் சொல்லக் கூடாது. நான் இன்னும் ஆடுவேன்ப்பா. நீங்க செத்த அன்னைக்கும் மேட்ச் இருந்தா ஆடிட்டுத்தான் வருவேன், தெரிஞ்சுக்கோங்க!"

சோதனைக்காரர் காலண்டரிலிருந்து திரும்பிப் பார்த்தார். அப்பா அவள் முகத்தையே பார்த்தார். ஐந்து மாதமாகப் பார்க்காததையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறவர் மாதிரி. பிறகு போனைக் காதில் வைத்து, "ஒண்ணுமில்ல, நாங்க பேசிக்கிட்டிருக்கோம், நீ வையி" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "உள்ள வந்து உக்காருங்க. நேரமாகும்போலிருக்கு" என்றார். அவள் பக்கம் திரும்பினார்.

"சரி. ஆடு. மொதல்ல அந்தத் தண்ணியக் குடி."